நடக்க மறுத்த நாய்

நாயைப் பற்றி எழுதவும் ஒரு பேனாவா, அதனை அச்சிடவும் ஒரு சஞ்சிகையா என வாசக அன்பர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அரிசி விலையும் வேலையின்மையும் மனிதரை வாட்டும் நாட்டில், கயிற்றிற் கட்டிய சிறு நாயொன்று தெருவில் நடக்க மறுத்த கதையை விஸ்தரிக்கப் புகுவது எமக்கே சற்று வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் முப்பத்தைந்து வருடங்கள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்ற எம்மை அந்த நாய் எமது ஒழுங்கையின் நடுவே நிறுத்தி வைத்த நாட்களில், எமக்கு ஏற்பட்ட சங்கடம் நாயைப் பற்றியது மட்டுமன்று. இதனைப் படிப்பவர்களிற் பலர் ஆசிரியர்கள். ஏனையோர் ஆசிரியர்களிடம் அகப்பட்டவர்கள். ஆகவே எழுதுகின்றோம்.

அது எம்மிடம் வந்து சேர்ந்த விதத்தை முதலிற் சொல்லவேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில், சந்தைக் கட்டடத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் அது ஒடுங்கிக் கிடந்தது. ஒரு வயது இருக்கலாம். தவிட்டு நிறம், குட்டைக் கால்கள், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். என்ன சாதி நாய் என்று விசாரிப்போருக்கு, நாம் சாதி பார்ப்பதில்லை என்பதே எமது பதில். கழுத்திலே நைலோன் கயிற்றுத் துண்டொன்று இறுகித் தோலை அறுத்துக்கொண்டு கிடந்தது. எவரோ கட்டி வைத்திருக்கவேண்டும். அது அறுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கவேண்டும். எமது துணைவியார் அதனைச் சேலைத் தலைப்பிற் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பாக்குவெட்டியால் அக்கயிற்றை மெல்ல நறுக்கி எடுத்தார். இரண்டு மாதத்திற் புண் ஆறியது. ஆனால் கழுத்தைச் சுற்றி ஒரு விரலகலத்துக்கு மயிர் முளைக்காத வளையம் ஒன்று எஞ்சிவிட்டது. அதனைத் தினமும் பார்த்தோம். பார்த்தோமே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

பேத்தி அதற்குப் பஞ்சு எனப் பெயரிட்டாள். வளவுக்குள்ளே பஞ்சு உத்தமமான நாய். துணைவியாரின் பின்னால் கிணற்றடிக்கும் குசினிக்கும் நாளொன்றுக்கு நூறு தடவை நடக்கும். நடப்பதிலே அதற்கு விரோதம் எதுவும் இருந்ததில்லை.

எங்கள் ஊர்களில் நாயைக் கயிற்றிற் பிடித்து உலாக் கொண்டுபோகும் வழக்கம் முன்னர் கிடையாது. நாய் என்றால் படலையடியிற் படுத்திருக்கும். வீட்டுக்காரர் சைக்கிளிற் புறப்பட்டாற் சந்தி வரை கூட ஓடிவந்து, தன் எல்லையை அறிந்து திரும்பிவிடும். நாயைச் சங்கிலியிற் பிடித்து நடத்தியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். அவர்கள் போனபின் கொழும்பு கறுவாத்தோட்டத்துக் கனவான்கள். அங்கும் சங்கிலியின் மறு முனையைப் பெரும்பாலும் பிடித்திருந்தது கனவான் அல்லர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பையன். அவனுக்கு அந்த நாய்க்குக் கிடைத்த இறைச்சி கிடைத்ததா என்பது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம்.

ஆனால் எமது ஒழுங்கையும் முன்னைய ஒழுங்கை அல்ல. கிடுகு வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. ஒழுங்கை சென்று முட்டும் வீதி, போருக்குப் பின்னர் அகலிக்கப்பட்டுக் காபெற் வீதியாகிவிட்டது. அதிலே வாகனங்கள் பறக்கின்ற வேகத்துக்கு நாயின் கணக்கு ஈடுகொடுக்காது. 2014 ஆம் ஆண்டில் எமது முன்னைய நாய் அங்கேதான் ஒரு வானின் கீழ் அகப்பட்டு இறந்தது. வான் நிற்கவில்லை. அதனை ஒரு சாக்கிலே அள்ளிக்கொண்டு வந்து எலுமிச்சை மரத்தடியிற் புதைத்த அன்று, இனி நாயே வேண்டாம் என்று துணைவியார் சொன்னார். அவ்வாறு சொன்னவர்தான் பஞ்சுவைச் சேலையிற் பொதிந்து வந்தவர்.

வீதி ஒன்று, விசர்நோய் மற்றொன்று. அறிகுறிகள் தோன்றிவிட்டால் மனிதரையும் மிருகத்தையும் ஏறத்தாழத் தப்பவே விடாத நோய் அது. முற்காலத்தில் இதற்கு அதிகாரிகள் கண்ட பரிகாரம் எளிமையானது. சுருக்குக் கயிற்றுடன் வண்டி வரும், தெருவில் அகப்பட்ட நாய்கள் அதில் ஏறும், திரும்பி வருவதில்லை. 2006 ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கையாயிற்று; கொலைக்குப் பதிலாகத் தடுப்பூசியும் கருத்தடையும். எமது ஊரில் வருடத்துக்கு ஒரு முறை சனசமூக நிலைய முற்றத்தில் ஊசி போடுகின்றார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். சென்ற வருடம் பஞ்சுவைக் கையிலே தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கூடியிருந்த நாய்களின் ஆரவாரத்தைக் கண்டு அது திமிறி, எமது கையிலிருந்து நழுவி, வீதியின் குறுக்கே ஓடிற்று. வந்த பஸ் நின்றதனால் நாய் தப்பியது. அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாளே பட்டணத்துக்குச் சென்று சிவப்புத் தோலினாலான கழுத்துப்பட்டியும் ஒரு சங்கிலியும் வாங்கினோம்.

கழுத்துப்பட்டியைப் பூட்டியதும் பஞ்சு நின்ற இடத்திலேயே நின்றது. சங்கிலியைக் கொழுவியதும் உட்கார்ந்தது. படலைக்கு வெளியே நாலு முழ தூரம் இழுத்தோம், படுத்துவிட்டது. தூக்கி நிறுத்தினோம், நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்புறமாகச் சாய்ந்தது. ஆறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி, அசையாதிருப்பதென்று தீர்மானித்துவிட்டால் அதன் எடை எவ்வளவு என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஆலோசனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. "இரண்டு நாள் சோறு போடாதையுங்கோ மாஸ்டர், தானா நடக்கும்," என்றார் எதிர் வீட்டுக்காரர். "ஒரு தட்டு தட்டினாத்தான் சரி," என்றார் பால் கொண்டுவருபவர். 1961 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிற் குந்தியிருந்த பழைய தொண்டர் ஒருவர் தடியூன்றி நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்கட நாய் சத்தியாக்கிரகம் இருக்குது," என்றார். சிரித்தோம். ஆனால் வழியிற் போகின்ற ஒவ்வொருவரும் நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும்போது, சங்கிலியைப் பிடித்திருப்பவருடைய மனநிலை மெல்ல மெல்ல மாறிவிடுகின்றது. தொடங்கியது நாயின் பாதுகாப்புக்காக; பத்து நிமிடத்தில் அது எமது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. 'பிடிவாதம் பிடித்த சனியன்' என்று எமது வாய் சொன்னது. அந்தச் சொல் எமக்குப் புதியதன்று. ஆசிரியர் அறையில் அதனை நாம் உபயோகித்த தடவைகளுக்குக் கணக்கில்லை. பிள்ளை ஏன் செய்கிறான் என்பது தெரியாதபோது, தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக ஆசிரியர்கள் கையாளும் சொல் அது.

ஒரு வாரம் இவ்வாறு கழிந்தது. எட்டாம் நாள், பாதி தூரம் இழுத்தும் பாதி தூரம் தூக்கியும் ஒழுங்கை முகப்பிலுள்ள மதகடி வரை கொண்டுபோய்விட்டோம். அங்கே பஞ்சு மறுபடியும் கால்களை ஊன்றிற்று. எமக்கு வந்த ஆத்திரத்திற் சங்கிலியை வெட்டி இழுத்தோம். நாயின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலுமல்ல, ஊளையுமல்ல, வாத்துக் கத்துவது போன்ற ஒரு வரட்டுச் சத்தம். நாக்கு வெளியே தள்ளிற்று. நாம் திகைத்து நிற்கையில் மதகுக்கு எதிரேயுள்ள சைக்கிள் திருத்தும் கடையிலிருந்து ஒருவர், கையில் எண்ணெய்த் துணியுடன், இறங்கி வந்தார்.

அவர் எம்மோடு பேசவில்லை. நாயின் முன்னால் நேராகவும் வரவில்லை. பக்கவாட்டில், நாலடி தள்ளி, நாய்க்கு முதுகைக் காட்டினாற்போலக் குந்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பஞ்சு எழுந்து சென்று அவருடைய கையிலிருந்த கிறீஸ் மணத்தை முகர்ந்தது. அவர் திரும்பாமலே விரலால் அதன் கழுத்தைத் தடவினார். பட்டியை ஒதுக்கிப் பார்த்தார்.

"சேர்," என்றார். சிறிது நேரம் சென்றது. "க... கழுத்தில என்ன த... தழும்பு?"

அந்தக் குரலைக் கேட்டதும் எமக்கு ஆளை விளங்கிவிட்டது. வருடக்கணக்காக அக்கடை முன்னால் போய் வந்திருக்கின்றோம். சக்கரத்துக்குக் காற்றும் அடித்திருக்கின்றோம். அவர் காசை வாங்கித் தலையை அசைப்பாரே தவிரப் பேசியதில்லை. பேசாதபடியால் இனங்காணவில்லை.

எண்பதுகளின் முற்பகுதியில், ஏழாம் வகுப்பில், எம்மிடம் தமிழ் படித்தவன் அவன். (அவர் என்று எழுதவேண்டும், அந்நாளைய பையனைப் பற்றிச் சொல்லும்போது கை 'அவன்' என்றே எழுதுகின்றது.) காலை மணி அடித்துக் கால் மணி நேரம் சென்றபின் தாய் அவனைக் கையிற் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். புகையிலைத் தோட்டத்திற் கூலிக்குப் போகின்றவள்; வெயில் ஏறுமுன் வேலைக்கு நிற்கவேண்டியவள். பாடசாலைப் படலையில் அவன் குந்திவிடுவான். "சேர், கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ," என்று சொல்லிக் கையளித்துவிட்டு ஓடுவாள். நாமும் உரித்தோம். பாடசாலை வேலியிலே பூவரசு தாராளமாகத் தழைத்திருந்தது.

எமது தமிழ்ப் பாடத்திலே வாசிப்பு ஒரு முக்கிய அங்கம். வரிசைப்படி ஒவ்வொருவரும் எழுந்து ஒரு பந்தி வாசிக்கவேண்டும். அவனுக்குக் கொன்னல். 'க' வில் தொடங்கும் சொல் வந்தால் நின்றுவிடுவான், வகுப்புச் சிரிக்கும். "வீட்டில் வாசித்துப் பழகாத குறை," என்று நாம் தீர்ப்புச் சொல்லுவோம். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுவோம். படலையிற் குந்துவதற்கும் பாடத்தில் நிற்பதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒரு நாளாவது எமக்குத் தோன்றவில்லை. பயிற்சிக் கலாசாலையில் உளவியலிற் சிறந்த புள்ளி பெற்றவர்கள் நாம். ஒரு தவணை முடிவில் தாய் அவனைக் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டாள். இடாப்பில் அவனுடைய பெயரின் மேலே சிவப்பு மையாற் கோடு கிழித்தோம். பிடிவாதக்காரன் ஒருவன் குறைந்தான் என ஆசிரியர் அறையில் யாரோ சொன்ன ஞாபகம். அந்த யாரோ நாமாகவும் இருக்கலாம்.

பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாது எனக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தபோது, அதனைப் படித்ததற்கு அடையாளமாகக் கையொப்பமிட்டோம். கம்பை அலுமாரியின் மேல் வைத்தோம். எறிந்துவிடவில்லை.

மறுநாள் பஞ்சுவை ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். நடக்க மறுக்கும் நாயில் முதலிற் பார்க்கவேண்டியது அதன் உடம்பு என்று சொல்லி, அவர் பாதங்களை விரித்து முள் இருக்கின்றதா எனப் பார்த்தார். நகங்களையும், முழங்காற் சில்லு விலகுகின்றதா என்பதையும், காதுக்குள்ளே உண்ணி இருக்கின்றதா என்பதையும் பார்த்தார். ஒன்றுமில்லை. தொண்டையைத் தொட்டுக்காட்டி, சிறு நாய்களின் மூச்சுக்குழாய் மிருதுவானது, கழுத்திற் பிடித்து இழுத்தால் நசியும் என்று கண்டித்தார். கழுத்துப்பட்டியை விட்டுவிட்டு, நெஞ்சையும் முதுகையும் சுற்றி வரும் வார் போடச் சொன்னார். தராசில் நிறுத்தபோது ஆறு கிலோவும் சொச்சமும்.

ஆறு கிலோ என்றதும் எமக்கு வேறொரு நாயின் ஞாபகம் வந்தது. 1957 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆந் திகதி, சோவியத் விஞ்ஞானிகள் ஸ்புட்னிக் 2 இல் ஏற்றி அனுப்பிய லைக்காவின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அன்று எமக்கு வயது எட்டு. ஊர் வாசிகசாலையின் திண்ணையில் ஒரு அண்ணர் பத்திரிகையை உரக்க வாசிக்க, நாம் வாய் பிளந்து கேட்டோம். மொஸ்கோ நகரத் தெருவிற் பொறுக்கிய அநாதை நாய் வான்வெளிக்குப் போய்விட்டது! அந்த வருடம் எமது ஊரிற் பிறந்த நாய்க்குட்டிகளில் அரைவாசிக்கு லைக்கா என்றே பெயர். இறங்கி வருவதற்கு அந்தக் கலத்தில் வழி எதுவும் இருக்கவில்லை என்பதை நாம் கேட்கவில்லை. குளிரும் பசியும் தாங்கிப் பழகியவை என்பதனால் தெருநாய்களைத் தேர்ந்தார்கள்; வரவரச் சிறிதான கூடுகளில் நாட்கணக்கில் அடைத்துப் பழக்கினார்கள்; கலத்தினுள்ளே அது இருக்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாதபடி சங்கிலி பூட்டியிருந்தது. பல நாள் உயிரோடிருந்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. புறப்பட்ட சில மணி நேரத்தில் வெப்பத்தினால் இறந்துபோயிற்று என்ற உண்மை வெளிவந்தது 2002 ஆம் ஆண்டில். அந்த வேலையிற் பங்குகொண்ட விஞ்ஞானி ஒலெக் கசென்கோ அதற்கு முன்பே, 1998 இல், அந்த நாயின் சாவுக்காகத் தாம் வருந்துவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அந்த வான்வெளிச் சாதனையின் பெருமையை நாம் இன்றும் மறுக்கமாட்டோம். ஆனால் அந்தத் திண்ணையில் இருந்து கைதட்டிய எட்டு வயதுப் பையனை நினைத்தாற் சற்றுக் கூச்சமாக இருக்கின்றது.

நாய் என்றதும் ஆசிரியர்களுக்கு நினைவு வருபவர் பவ்லோவ். மணியடித்தால் நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்று எழுதிப் பரீட்சையிற் சித்தியடையாத ஆசிரியர் இந்நாட்டில் இருக்கமாட்டார். (உண்மையில் அவர் மணியைவிட மெற்றோனோம் முதலிய கருவிகளையே அதிகம் உபயோகித்தார்.) ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு நாயும் அவரிடம் இருந்தது. அது சாதுவான நாய், எவரையும் கடிப்பதில்லை. பரிசோதனை மேடையில் ஏற்றி வாரைப் பூட்டினால் மாத்திரம் அடங்காது. திமிறும், வாரைக் கடிக்கும், இடைவிடாது உமிழ்நீர் வடிக்கும். வேறெந்தக் காரணமும் காணாத பவ்லோவ், இது கட்டுப்படுத்தப்படுவதையே எதிர்க்கும் ஒரு பிறவிக் குணம் என்ற முடிவுக்கு வந்து, அதற்குச் சுதந்திர அனிச்சை என்று பெயர் சூட்டினார். ஆண்டு 1917, இடம் பெத்ரோகிராட். வெளியே தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே அந்த நாயின் சுதந்திர அனிச்சையை வென்ற வழி மிகப் பழையது: மேடையின் மேல் மாத்திரம் உணவு கொடுத்தார்கள். நாய் முதலில் மெலிந்தது, பின்னர் பணிந்தது. எதிர் வீட்டுக்காரர் சொன்ன வைத்தியமும் இதுவேதான். அவர் பவ்லோவைப் படித்தவர் அல்லர்.

அதே பவ்லோவின் மற்றொரு அனுபவம் எமக்கு அதிகம் பயன்பட்டது. 1924 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நேவா நதி பெருகி லெனின்கிராட் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அவருடைய நாய்க்கூடுகளினுள்ளும் நீர் புகுந்தது. நாய்கள் கூட்டின் உச்சியில் மூக்கை நீட்டி மிதந்து தத்தளிக்கையில் மீட்கப்பட்டன. அதன்பின் அவற்றிற் சில, கற்ற பாடங்களை அடியோடு மறந்துவிட்டன. வெகு நாட்களின் பின்னர், தேறிவிட்டது என்று கருதிய ஒரு நாயின் அறைக் கதவின் கீழாகச் சிறிதளவு நீரை ஒழுகவிட்டார்கள். அவ்வளவுதான், நாய் பழையபடி கலங்கிப்போயிற்று.

பஞ்சுவின் கழுத்து வளையத்துக்கு அந்தச் சிவப்புப் பட்டி, கதவின் கீழ் ஒழுகிய நீர். சைக்கிள் கடைக்காரர் ஐந்து நிமிடத்திற் கண்டதை நாம் மூன்று வருடமாகக் காணவில்லை.

வாரைச் செய்து தந்தவரும் அவரே. பழைய பாடசாலைப் பை ஒன்றின் தோள் வாரை அறுத்து, நெஞ்சுப் பக்கத்தில் உராயாதபடி துணி வைத்துத் தைத்து, முதுகின் மேல் வளையம் பொருத்தித் தந்தார். முந்நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அது எமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சும்மா தந்திருந்தால் எவ்வாறு வாங்கியிருப்போம் என்று தெரியவில்லை.

பின்னர் செய்ததெல்லாம் சிறிய வேலைகள். மூன்று நாள் அந்த வாரைச் சோற்றுக் கோப்பைக்கு அருகே வெறுமனே போட்டு வைத்தோம். நாலாம் நாள் சாப்பிடும்போது மாத்திரம் உடம்பிற் போட்டு, சாப்பிட்டு முடியுமுன் கழற்றினோம். அடுத்த வாரம் வளவுக்குள்ளே அதனைப் போட்டுக்கொண்டு திரிய விட்டோம். அதன்பின் மெல்லிய பருத்திக் கயிறொன்றை வளையத்தில் முடிந்து, எவரும் பிடிக்காமல், நிலத்தில் இழுபட விட்டோம். வாழையடியிற் சிக்காமற் பார்த்துக்கொள்வது மட்டுமே எமது உத்தியோகம். கயிற்றின் மறு முனையை நாம் கையில் எடுத்தபோது ஒரு மாதம் கழிந்திருந்தது. எடுத்த பின்னும் கயிறு தொய்ந்தே இருக்கவேண்டும் என்பது துணைவியாரின் கட்டளை. தொய்ந்திருக்கவேண்டுமானால் நாய் போகும் இடத்துக்கு நாம் போகவேண்டும். போனோம். இருபது வருடமாகக் குடியிருக்கும் எமது வளவிலே, மதிலோரத்தில் ஒரு கீரிப்பிள்ளையின் வளை இருப்பதை அப்போதுதான் அறிந்தோம்.

படலைக்கு வெளியே போவது பெரும்பாடாகத்தான் இருந்தது. அதற்கும் வழி கண்டவர் துணைவியாரே. "இஞ்சேருங்கோ, வீட்டை விட்டுப் போகத்தானே அதுக்குப் பயம்? வீட்டுக்கு வர என்ன பயம்?" என்றார். மறுநாட் காலை ஆறு மணிக்கு, ஊர் விழிக்குமுன், பஞ்சுவைத் துவாயிற் சுற்றித் தூக்கிக்கொண்டு பத்து வீடு தள்ளிப் போய் இறக்கிவிட்டோம். அது மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. வீடு இருக்கும் திசையை நோக்கி, கயிறு இருப்பதையே மறந்து, விறுவிறு என்று நடக்கத் தொடங்கிற்று. இரு வாரங்களில் மதகடியிலிருந்து வீடு வரை நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் விடியலில் நாயைக் குழந்தைபோல் ஏந்திச் செல்வதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ! நாளடைவிற் போகும்போதும் பாதி தூரம் தானே நடந்தது.

இன்றும் இடையிடையே உட்காரும். உட்கார்ந்தால் இழுப்பதில்லை, ஏசுவதில்லை, முகத்தை உற்றுப் பார்ப்பதுமில்லை. பக்கத்தில் நிற்கின்றோம். எழுந்து ஒரு அடி வைத்தால் மடியிலுள்ள நெத்தலிக் கருவாட்டில் ஒன்று. இவ்வாறு நிற்கத் தொடங்கிய பிறகே அது எங்கே உட்காருகின்றது என்பதைக் கவனித்தோம். பெரிய நாய்கள் இரண்டு நிற்கும் இரும்புப் படலைக்கு முன்னால். பட்டாசு போல் வெடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஒன்று புறப்படும் வீட்டடியில். வெயில் ஏறியபின், புறங்கையை வைத்தாற் சுடும் தார்ப் பரப்பில். ஆடொன்றை நீல நிற நைலோன் கயிற்றிற் கட்டியிருந்த வேலியோரத்தில் அது உட்கார்ந்த அன்று, நாமாகவே நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

எமது கல்வி முறைகள் யாவற்றையும் மிஞ்சிய ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. காலையில் எமது ஒழுங்கைக்குப் பாண் விற்க வரும் ஓட்டோ, பெத்தோவன் எலிசாவுக்காக இயற்றிய இசையைக் கீச்சுக் குரலில் ஒலித்துக்கொண்டு வருவது. அதனைக் கேட்டவுடன் பஞ்சு எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நடக்கும். பாண் துண்டின் மகிமையா, பெத்தோவனின் மகிமையா என்பதைப் பவ்லோவ்தான் சொல்லவேண்டும்.

சைக்கிள் கடைக்காரரோடு இப்போது தினமும் இரண்டொரு வார்த்தை பேசுகின்றோம். பெரும்பாலும் நாயைப் பற்றியே. அவருடைய மகள் உயர்தரம் படிக்கின்றாள் என்பதை அறிந்தோம். எழாம் வகுப்பைப் பற்றி அவர் ஒருபோதும் பிரஸ்தாபித்ததில்லை. மறந்திருக்கமாட்டார். கேட்கவேண்டும் என்று பல காலை எண்ணி மதகில் உட்கார்ந்திருக்கின்றோம். 'க' வில் தொடங்கும் சொற்களை அவர் இன்றும் தவிர்த்தே பேசுகின்றார். அதனைக் கவனித்துக்கொண்டு என்ன கேட்பது? முன்னர் அவசரப்பட்டு அவரைப் பேச வைத்தவர்கள் நாம். ஆகையால், அவர் பேசி முடிக்கும் வரை நடுவே புகாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கின்றோம். அது எமக்கு எளிதாக வரவில்லை.

சென்ற மாதம் மறுபடியும் ஊசி போடும் நாள் வந்தது. வீட்டிலிருந்து சனசமூக நிலையம் அறுநூறு மீற்றருக்கு மேல் இராது. ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். இரும்புப் படலையடியில் ஒரு தடவையும் மோட்டார் சைக்கிள் வீட்டடியில் ஒரு தடவையும் உட்கார்ந்து எழுந்து, எட்டே காலுக்கு மதகடியை அடைந்தோம். அங்கிருந்து நிலையத்தின் முற்றம் தெரியும். நாய்கள் குரைப்பது கேட்டது. பஞ்சு உட்கார்ந்துவிட்டது.

நாமும் மதகில் உட்கார்ந்தோம். கடைக்காரர் சக்கரம் ஒன்றைச் சுழற்றிவிட்டு வந்து மறுபக்கத்தில் உட்கார்ந்தார். எமக்கு முன்னால் ஊர் நாய்கள் எல்லாம் சங்கிலியிலும், சாக்குக் கயிற்றிலும், சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியிலும் போய், ஊசி போட்டுக்கொண்டு திரும்பின. ஊசி போடும் இளைஞர் முற்றத்தில் நின்று கையை அசைத்து, "தூக்கிக்கொண்டு வாங்கோ சேர், பெட்டியைக் கட்டப்போறம்," என்று கூவினார். நாம் கையைக் காட்டி, சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன மாஸ்டர், நாய் நடக்குதில்லையோ?"

நாம் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். சொல் வருவதற்குச் சற்று நேரம் எடுத்தது. சைக்கிள்காரர் போகாமல் நின்றார், நாமும் பேசாதிருந்தோம்.

"யோ... யோசிக்குது," என்றார்.

பஞ்சு எழுந்து, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, முற்றத்தின் பக்கமாக மூக்கை நீட்டிற்று.